அணி உண்டு, குழு இல்லை: திருவனந்தபுரத்தில் வாத்தியமில்லாப் பாட்டு

கேரளப் பள்ளிக் கலோல்சவத்தில் சங்ககானம் பாட 7 பேர். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் தேசிய இளைஞர் விழாவில் குழுப்பாட்டுக்கு அதிகபட்சம் 6 பேர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்து விஃபன்பூஃப்ஸ் குழுவில் ஆண்டுதோறும் 14 பேர். முதல் இரண்டு எண்களும் போட்டி விதியில் எழுதப்பட்டவை. மூன்றாவது, 1909-இல் சிறு மாணவர் கூட்டமாகத் தொடங்கிய ஒரு குழு தனக்குத்தானே வைத்துக்கொண்ட அளவு.

வாத்தியம் இல்லாமல், குரல்களை மட்டும் அடுக்கிப் பாடும் அகாப்பெல்லா, திருவனந்தபுரத்துக் கல்லூரிகளில் ஏன் ஒரு மரபாக வேர்பிடிக்கவில்லை என்று கேட்டால், "அது நம்ம சங்கீதம் இல்லையே" என்ற பதில்தான் சட்டென்று வரும். அந்தப் பதில் பாதிதான் சரி. மீதிப் பாதி, மேலே சொன்ன எண்களை யார் எழுதினார்கள் என்பதில் இருக்கிறது.

அகாப்பெல்லா என்ற இத்தாலியத் தொடருக்கு 'சிற்றாலயத்தில் பாடும் முறையில்' என்று பொருள். ரோமாபுரியின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் வாத்தியத் துணையின்றிப் பாடிய பாடகர்களின் வழக்கத்தோடு சேர்ந்து வந்த பெயர் அது. கோயிலை விட்டிறங்கி அமெரிக்கக் கல்லூரிகளுக்குள் புகுந்தபோது அது மாணவர் பொழுதுபோக்காயிற்று. கிடாரின் வேலையை ஒரு குரல் பார்க்கும், டிரம்ஸின் வேலையை ஒரு வாய் பார்க்கும். 1996-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இந்திய வம்சாவளி மாணவர்கள் பென் மசாலா என்ற குழுவைத் தொடங்கி, இந்திப் பாட்டையும் ஆங்கிலப் பாட்டையும் ஒன்றாகப் பின்னினார்கள். 2015-இல் வந்த 'பிட்ச் பெர்ஃபெக்ட் 2' என்ற ஹாலிவுட் படத்தில் அவர்கள் தலைகாட்டினார்கள். 2023 ஜூனில் இந்தியப் பிரதமர் வெள்ளை மாளிகைக்குப் போனபோது அங்கும் பாடினார்கள். தொடங்கியவர்கள் எப்போதோ படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். குழு மட்டும் அதே பெயரில் நிற்கிறது. இந்தக் கட்டுரையில் 'குழு' என்று நான் சொல்வது இதைத்தான்: ஆள் மாறினாலும் பாட்டு மாறாமல் கைமாறும் ஏற்பாடு.

தமிழ் வாசகருக்கு அந்த ஓசை புதிதல்ல. 1993-இல் 'திருடா திருடா' படத்தில் ஏ.ஆர். ரகுமான் ஷாகுல் ஹமீதையும் ஒரு கோரஸையும் வைத்து, வாத்தியமே இல்லாமல் 'ராசாத்தி' பாட்டை அமைத்தார். டீக்கடை ரேடியோவில் கேட்டவர்கள் யாரும் அதை மேல்நாட்டுச் சரக்கு என்று சொல்லவில்லை. ஒப்பாரி போலிருக்கிறது என்றார்கள், அவ்வளவுதான்.

திருவனந்தபுரத்துக்கு வருவோம். வாத்தியமில்லாமல் கூட்டமாக எழும் குரலுக்கு அந்த ஊரில் பஞ்சமே இருந்ததில்லை. பத்மநாபசுவாமி கோயிலில் ஆறு ஆண்டுக்கு ஒருமுறை முறைஜபம் நடக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மா தொடங்கிவைத்தது. எட்டு நாள் கொண்ட ஒரு முறை, அப்படி ஏழு முறை, மொத்தம் 56 நாள். மாலையில் பத்மதீர்த்தக் குளத்து நீரில் நின்று ஜபிக்கும் ஜலஜபமும் உண்டு. முடிவில் லட்சதீபம். இத்தனை குரல் சேர்ந்தும் ஒலிப்பது ஒரே வரிதான், ஒருவர் விலகினால் பிழை. அங்கே அதைப் பாட்டு என்று யாரும் சொல்வதும் இல்லை.

அடுத்தது வஞ்சிப்பாட்டு. கவிஞர் இராமபுரத்து வாரியர் வைக்கத்தில் மார்த்தாண்ட வர்மாவைக் கண்டு, அரசர் படகிலேயே திருவனந்தபுரத்துக்கு அழைத்துவரப்பட்டார், அந்தப் பயணத்தில்தான் குசேலவிருத்தம் வஞ்சிப்பாட்டைப் பாடிக் காட்டினார் என்பது வழிவழிக் கதை. (வர்க்கலைக் குன்றைக் குடைந்து கால்வாய் விட்டது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். ஆகவே கடைசிக் காதங்கள் தரைவழியாகத்தான் இருந்திருக்க வேண்டும். கதைக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.) நதோந்நத விருத்தம் என்ற அந்த யாப்பு துடுப்பின் கணக்கில் நடப்பது. ஒருவர் அடி எடுக்க, மற்றவர் பொருளற்ற தாளச் சொற்களால் நிரப்ப, நீரில் விழும் துடுப்பு தாளமாகிறது. ஆரன்முளைப் பள்ளியோடங்களில் துடுப்பு போடுபவர்கள் தவிரப் பாடுவதற்கென்றே சுமார் 25 பேர் ஏறுகிறார்கள். மூச்சு வாங்கும் இடம், வேகம் கூட்டும் இடம், அடுத்தவன் குரலுக்குக் காது கொடுப்பது ஆகியவைதான் அகாப்பெல்லாவின் அரிச்சுவடி. இந்தப் பாடம் படகில் இருநூறு ஆண்டுக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவது, தேவாலயம். நகரின் பட்டம் பகுதியைத் தலைமையிடமாகக் கொண்ட மலங்கரை கத்தோலிக்கச் சபையின் சுரியானி வழிபாட்டுப் பாட்டுகள் வாத்தியத்துக்காக உண்டானவை அல்ல. அவற்றுக்கு எட்டு மெட்டு வகை உண்டு. கேரளத்தில் அதை 'எட்டு நிறம்' என்பார்கள். ராகத்துக்கு நிறம் என்று பெயர் வைத்த காதுகள் அவை. இன்று கீபோர்டு இல்லாத குர்பானா (திருப்பலி) அரிது என்பது வேறு கதை.

எனக்கு இவற்றையெல்லாம்விட முக்கியமாகப் படுவது, கேரளப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய எல்.எம்.எஸ். வளாகம். லண்டன் மிஷனரி சங்கத்தின் திருவிதாங்கூர்ப் பணி இன்றைய குமரி மாவட்டத்து மயிலாடியில் ரிங்கல்தௌபேயோடு தொடங்கியது. நாகர்கோவிலும் நெய்யாற்றின்கரையும் 1956 நவம்பர் 1 வரை ஒரே சமஸ்தானமாகவும், பிறகு ஒரே மாநிலமாகவும் இருந்தன. எனவே அந்தச் சபைகளின் பாட்டு மரபுக்கு மொழி எல்லை பிந்தித்தான் வந்தது. தென்திருவிதாங்கூர்ச் சபைகளில் வளர்ந்த எவரும் ஒரு வேறுபாட்டைச் சிறுவயதிலேயே காதால் அறிந்திருப்பார்கள். பாமாலை என்றால் மேல்நாட்டு மெட்டு. கொயர் அதைச் சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என்று நான்கு குரலாகப் பிரித்துப் பாடும். கீர்த்தனை என்றால் நம் ராகம். அதைக் கொயரும் சபையும் ஒரே குரலில் பாடும். நெய்யாற்றின்கரைக்கு அருகில் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847–1916) கர்நாடக முறையில் கட்டிய மலையாளக் கீர்த்தனைகளும் ஒரு குரல் பாட்டுகளே. ஒரே பெஞ்சில் உட்கார்ந்த அதே வாய்கள், ஒரே ஞாயிற்றுக்கிழமையில், முதல் பாட்டை நாலாகப் பிரித்தன, அடுத்ததை ஒன்றாக்கின. பிரிக்கத் தெரியாததால் அல்ல. கீர்த்தனையைப் பிரித்தால் கெட்டுவிடும் என்று காது சொன்னதால்.

அந்தக் காது சொன்னதில் நியாயம் இருக்கிறது. "நம்ம சங்கீதம் இல்லையே" என்ற பதிலின் சரியான பாதி இதுதான். நம் ராகத்தில் ஒரு ஸ்வரம் நிலையாக நிற்பதில்லை. தோடியின் காந்தாரம் பக்கத்து ஸ்வரங்களைத் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். அந்த அசைவுதான் கமகம், அதுதான் தோடி. ஹார்மனி என்பதோ இரண்டு மூன்று ஸ்வரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வைக்கும் வேலை. கீழே இருப்பது அசைந்தால் மேலே வைத்தது சரியும். இரண்டையும் ஒன்றாக அசைக்கலாம் என்றால், மேல் குரல் அந்த ராகத்தில் இல்லாத இடங்களுக்குப் போய்விடும்.

சுருதிச் சிக்கல் இன்னொன்று. நம் பாடகர்களில் ஆண் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார், பெண் ஐந்து, ஐந்தரைக் கட்டையில் பாடுவார். இருவரையும் ஒரே சுருதியில் நிறுத்தினால் யாராவது ஒருவர் தொண்டையைச் சிரமப்படுத்த வேண்டும். திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையின் பஞ்சரத்ன கோஷ்டி கானத்தைக் கூர்ந்து கேட்டால் இது தெரியும். நூற்றுக்கணக்கானோர் பாடும் அந்த இடத்தில் மேல்ஸ்தாயி வரும்போது சிலர் சும்மா உதட்டை மட்டும் அசைப்பார்கள். திருவனந்தபுரத்தில் 1939-இல் தொடங்கிய இசைக் கழகத்துக்கு முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர். இன்று சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி என்று பெயர். நகரத்தில் கல்லூரி அளவில் சங்கீதம் கற்பிக்கும் முதன்மை இடமே தனிப் பாடகரை உருவாக்குவதற்காக அமைந்தது. அதில் பிழை ஒன்றுமில்லை. கச்சேரிக்குத் தேவை தனிக் குரல்.

ஆனால் எல்லாப் பாட்டும் தோடி அல்ல. கமகம் குறைந்த மெட்டு, நடைப்பாட்டு, நாட்டுப்பாட்டு, சினிமாப் பாட்டு இவற்றைப் பிரிக்கலாம். பிரித்தும் காட்டினார் ஒருவர். கேரளத்தில் அவரை எம்.பி.எஸ். என்றால் தெரியும். தமிழ்நாட்டில் எம்.பி. சீனிவாசன் என்று முழுதாகச் சொன்னாலும் விளக்கம் கேட்பார்கள். நமக்கு இது ஒரு வெட்கக்கேடு.

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் 1925-இல் சித்தூரில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த காலத்தில் மாணவர் இயக்கத்துக்குள் வந்து, கம்யூனிஸ்டானார். சுதந்திரப் போராட்ட வீரர் சைபுதீன் கிச்சுலுவின் மகள் ஜாஹிதாவை மணந்தார். 1960-இல் நிமாய் கோஷ் இயக்கிய 'பாதை தெரியுது பார்' அவர் இசையமைத்த தமிழ்ப் படம். பாட்டுகள் நின்றன, படம் ஓடவில்லை. மலையாளத்தில் 'கால்பாடுகள்' படத்துக்காக 1961 நவம்பரில் நாராயண குருவின் வரிகளை ஓர் இளைஞனைப் பாடவைத்தார். யேசுதாஸ் சினிமாவுக்குப் பாடிய முதல் பதிவு அது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' படங்களுக்கும் அவர்தான். சென்னையில் சினிமா வாத்தியக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவரும் அவரே. ஸ்டூடியோ வாசலில் கூலி கேட்கும் குரலும் கூட்டுக் குரல்தானே.

1970-களின் தொடக்கத்தில் அவர் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை அமைத்தார். 'சேர்ந்திசை' என்ற சொல்லைப் பாருங்கள். கோஷ்டி கானம் என்றால் கூட்டமாகப் பாடுவது, அவ்வளவுதான். சேர்ந்திசையில் சேர்வது வெவ்வேறாக இருக்கும் பொருட்கள். ஒரே குரல் ஆயிரம் வாயில் வந்தால் அது பெருக்கல், சேர்ப்பு அல்ல. இளைஞர் குழு என்ற பெயருக்கு முன்னோடி உண்டு. 1943-இல் பிறந்த இந்திய மக்கள் நாடக மன்றத்தின் வாரிசுகளாக 1950-களின் பிற்பகுதியில் பம்பாயில் சலில் சவுதுரியும், 1958-இல் கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தாவும் இளைஞர் பாடகர் குழுக்களைத் தொடங்கியிருந்தார்கள். இந்தியாவில் தேவாலயத்துக்கு வெளியே குரலைப் பிரித்துப் பாடக் கற்றுக்கொடுத்ததில் இடதுசாரிகளுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதை அவர்களுடைய எதிரிகளும் ஒப்புக்கொள்ளலாம்.

எம்.பி.எஸ். வாத்தியங்களை அடியோடு விலக்கியவர் அல்லர். ஆனால் எடையைக் குரல்மீது வைத்தார். ஆண் குரல் ஒரு பக்கம் மெட்டைப் பிடிக்கும், பெண் குரல் அதன் மேலே வேறு ஸ்வரங்களில் உடன் நடக்கும். ஒரு பிரிவு நீட்டி நிறுத்த, இன்னொரு பிரிவு அதற்குள் புகுந்து ஓடும். கட்டைச் சண்டை இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே ஸ்வரத்துக்குப் போட்டியிட வேண்டியதில்லை, அவரவர் தொண்டைக்கு வசதியான இடத்தில் நின்றால் போதும். பாரதியின் பாட்டையும் ஓ.என்.வி. குறுப்பின் பாட்டையும் அவர் இப்படி அமைத்தார். பாடியவர்கள் பலரும் சங்கீதம் கற்காதவர்கள். வங்கியிலும் அலுவலகத்திலும் வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்தவர்கள்.

திருவனந்தபுரத்தோடு அவருக்கிருந்த பிணைப்பில் ஓ.என்.வி.க்குப் பெரிய இடம். ஓ.என்.வி. அந்த நகரத்துப் பல்கலைக்கழகக் கல்லூரியிலும் அரசு மகளிர் கல்லூரியிலும் மலையாளம் கற்பித்தவர். அவர் எழுத, எம்.பி.எஸ். இசையமைத்த பாட்டுகள் ஒரு தலைமுறைக் கல்லூரி மாணவரின் வாயில் இருந்தன. கேரளப் பள்ளிகளில் பெரும் கூட்டமாகப் பிள்ளைகளைப் பாடவைக்கும் வேலையிலும் எம்.பி.எஸ். இறங்கினார். 1988 மார்ச் 9 அன்று லட்சத்தீவில் காலமானார். அங்கேயும் சேர்ந்திசைக்காகத்தான் போயிருந்தார். அவர் பெயரில் திருவனந்தபுரத்தில் ஓர் இளைஞர் சேர்ந்திசைக் குழு இருக்கிறது. ஆக ஆலயக் கொயர் ஒரு பக்கம், எம்.பி.எஸ். மரபு இன்னொரு பக்கம் என இரண்டு வழியாகக் குரலைப் பிரிக்கும் வித்தை அந்த ஊருக்குள் வந்தாயிற்று. இரண்டுமே கல்லூரி வாசலுக்கு வெளியே நின்றுவிட்டன.

உள்ளே இருந்தது கலைவிழா. இதைக் குறைத்துச் சொல்லிவிட முடியாது. 1957 ஜனவரியில் எர்ணாகுளத்தில் சிறிதாகத் தொடங்கிய பள்ளிக் கலைவிழா, 2025 ஜனவரி 4 முதல் 8 வரை திருவனந்தபுரத்தில் 63-ஆவது முறையாக நடந்தபோது 249 போட்டிகள், 25 மேடைகள். மேடைகளுக்குக் கேரளத்து நதிகளின் பெயர்கள். திருச்சூர் 1008 புள்ளி, பாலக்காடு 1007. சங்ககானத்தில் ஏழு பிள்ளைகள் ஒரே மாதிரி உடுத்தி, வாத்தியக் குழு இல்லாமல் வரிசையாக நின்று பாடுவார்கள். வஞ்சிப்பாட்டும் ஒரு போட்டி, நீரும் துடுப்பும் இல்லாத படகில் பத்துப் பேர். சுருதி சுத்தத்தில் அந்தப் பிள்ளைகளை மிஞ்சுவது கடினம். ஒரு புள்ளியில் கோப்பை கைமாறும் இடத்தில் யாரும் கவனக்குறைவாகப் பாட மாட்டார்கள்.

ஆனால் போட்டி பாட்டுக்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். வெளியிலிருந்து பயிற்சியாளர் வருகிறார். விழாவுக்கென்றே ஒரு பாட்டு கட்டப்படுகிறது. நேரம் சில நிமிடம், அதற்குள் ராகம் மாற வேண்டும், தாளம் மாற வேண்டும், நடுவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். நல்ல மதிப்பீடு கிடைத்தால் தேர்வில் கருணை மதிப்பெண் உண்டு. ஜனவரி முடிந்ததும் அந்த ஏழு பேர் தேர்வுக்குப் படிக்கப் போய்விடுகிறார்கள். அந்தப் பாட்டை அவர்கள் திரும்பச் சேர்ந்து பாடக் காரணமே இல்லை. இதைத்தான் அணி என்கிறேன். கால்பந்து அணியாவது அடுத்த வாரம் மைதானத்துக்கு வரும்.

கல்லூரியில் இந்த அச்சு பெரிதாகிறதே தவிர மாறுவதில்லை. தேசிய விழாவின் விதிப்படி 6 பாடகர், 3 வாத்தியக்காரர், 10 நிமிடம். இந்தியக் குழுப்பாட்டு தனி, மேல்நாட்டுக் குழுப்பாட்டு தனி. இந்தப் பிரிவினையிலேயே ஒரு தீர்ப்பு இருக்கிறது: குரலைப் பிரித்தால் அது மேல்நாடு, ஒன்றாகப் பாடினால் அது இந்தியா. எம்.பி.எஸ். வாழ்நாள் முழுதும் அழிக்கப் பார்த்த கோட்டை விதிப்புத்தகம் மறுபடி போட்டு வைத்திருக்கிறது. போட்டியின் அழுத்தம் எவ்வளவு என்பதற்கு 2024 மார்ச்சே சாட்சி. திருவனந்தபுரத்தில் நடந்த கேரளப் பல்கலைக்கழகக் கலைவிழா, நடுவர் தீர்ப்புகளைப் பற்றிய புகாராலும் மோதலாலும் பாதியில் நிறுத்தப்பட்டது. புகாரின் மையத்தில் இருந்தது மார்கம்களி. விளக்கைச் சுற்றி நின்று எல்லோரும் சேர்ந்து பாடி ஆடும் கலை அது.

நிறுவனக் காரணம் ஒன்றும் உண்டு. 1937-இல் திருவிதாங்கூர் பல்கலைக்கழகமாகத் தொடங்கி 1957-இல் பெயர் மாறிய கேரளப் பல்கலைக்கழகம், நான்கு மாவட்டத்தில் சிதறிய கல்லூரிகளை இணைக்கும் பல்கலைக்கழகம். யேலைப் போல எல்லா மாணவரும் ஒரே இடத்தில் தங்கிப் படிப்பதில்லை. நாலு மணிக்குப் பஸ் பிடிக்கிற மாணவி ஆறு மணி ஒத்திகைக்கு எப்படி நிற்பாள்? விடுதி வாழ்க்கையுள்ள விதுரையின் அறிவியல் கழகத்திலும் வலியமலையின் விண்வெளிக் கல்லூரியிலும் அந்தத் தடை இல்லை. ஆனால் அத்தகைய வளாகங்களில் பெரும்பாலும் இசை மன்றம் என்றதும் மனக்கண்ணில் வருவது ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸ் செட்டும். அவை வாங்கப் பணம் வேண்டும். குரலுக்கு வேண்டாம்.

வாயால் தாளம் போட ஆள் கிடைக்காதே என்று சொல்வார்களானால் சிரிப்புத்தான் வரும். செண்டை கற்கும் பையன் முதலில் வாய்த்தாரியைச் சொல்லிக் கல்லிலும் மரக்கட்டையிலும் அடித்துப் பழகும் நாடு அது. நம் கொன்னக்கோல் ஒரு முழுக் கலை. உலகின் வேறெந்த அகாப்பெல்லா ஊருக்கும் இவ்வளவு தயார்ச் சரக்கு இல்லை.

2024 கல்வியாண்டு முதல் கேரளத்தில் நான்காண்டு இளநிலைப் படிப்பு வந்திருக்கிறது. மூன்றாம் ஆண்டு மாணவர் முதலாம் ஆண்டு மாணவருக்குப் பாட்டைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தானும் இன்னும் ஓராண்டு உடன் நின்று பாட முடியும். குழு உண்டாக இந்த ஓராண்டு மிகவும் பயன்படும். எனவே பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தாருக்கு ஒரு வேண்டுகோள். விழா நடத்துவதை விட வேண்டாம். செனட் மண்டபம் இருக்கும் பாளையத்தில் ஓர் அறை, வாரத்தில் ஒரு மாலை, மதிப்பெண்ணும் நடுவரும் இல்லாமல். எல்.எம்.எஸ். கொயரில் பாடும் பிள்ளையையும், எம்.பி.எஸ். குழுவின் மூத்த பாடகர் ஒருவரையும், செண்டை தெரிந்த ஒருவனையும் அங்கே உட்கார வையுங்கள். அவர்கள் பிரித்துப் பாடும் முதல் பாட்டை, எந்தக் குரல் எங்கே ஏறுகிறது எங்கே நிற்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.